ஊதா பாக்டீரியா ஏன் ஹைட்ரஜன் விடுகிறது?

குளத்தோரச் சேற்றை ஒரு கை அள்ளிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, அதோடு கிழித்த செய்தித்தாள் கொஞ்சம், அவித்த முட்டையின் மஞ்சள்கரு ஒன்று, மேலே அதே குளத்துத் தண்ணீர், அவ்வளவுதான், லேசாக மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாட்டிலின் மேல்பக்கம் பச்சை படர்ந்திருக்கும், அடியில் சேறு கன்னங்கரேலென்று ஆகியிருக்கும், நடுவில் பீட்ரூட் சாற்றைத் தெளித்த மாதிரி செந்நிறத் திட்டுகள் தெரியும். 1880களில் விநோகிராத்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி செய்து காட்டிய பழைய வித்தை இது. நான் செய்தபோது திட்டுக்கு முன்னால் நாற்றம் வந்துவிட்டது. "பாட்டில் வெளிய போகுதா, இல்ல நீ போறியா" என்று அம்மா கேட்ட பிறகு அது மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தது. ஆனாலும் திட்டு வந்தது.

அந்தச் செந்நிறம்தான் ஊதா பாக்டீரியா. பெயர்தான் ஊதா, பார்க்க செங்கல், கத்தரிப்பூ, துருப்பிடித்த தகரம் என்று பல நிறத்தில் இருக்கும். செடி மாதிரியே வெளிச்சத்தைப் பிடித்து வாழும், ஆனால் செடி மாதிரி தண்ணீரை உடைக்காது, ஆக்சிஜன் விடாது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கூட, 800 முதல் 880 நானோமீட்டர் வரை, பிடித்துக்கொள்ளும். பாசியும் செடியும் வடிகட்டி எடுத்தது போக மிச்சம் கீழே இறங்கும் வெளிச்சத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஜீவன். இவற்றில் பல இனங்கள், சூழல் வாய்த்தால், குமிழ் குமிழாக ஹைட்ரஜன் விடும்.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் சில வருடத்துக்கு ஒருமுறை "வெயிலும் பாக்டீரியாவும் போதும், இனி பெட்ரோல் வேண்டாம்" என்று ஒரு செய்தி சுற்றுக்கு வருகிறது. செய்தி பொய் இல்லை. ஆனால் அதில் விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு: ஹைட்ரஜன் என்பது நல்ல எரிபொருள், அதாவது நல்ல சாப்பாடு. தன் சாப்பாட்டை ஒரு பாக்டீரியா ஏன் வெளியே விட வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தால், எழுபது வருடத்துக்கு மேல் ஆராய்ச்சி நடந்தும் ஏன் பங்க்கில் பாக்டீரியா ஹைட்ரஜன் கிடைக்கவில்லை என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஏரியில் இரண்டு வழியாகத் தண்ணீர் வெளியே போகும். மதகு வழியாகப் போவது பாசனத்துக்கு, நாமாகத் திறந்துவிடுவது. கலிங்கு வழியாகப் போவது நிரம்பி வழிவது, கரை உடையாமல் இருக்க. பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் கலிங்குத் தண்ணீர். அதை நம்பிப் போகம் வைக்க நினைப்பதுதான் இந்தத் துறையின் கதை.

கதை தொடங்கிய இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே மார்ட்டின் கேமன் இருந்தார். 1940இல் சாம் ரூபனோடு சேர்ந்து கார்பன்-14ஐக் கண்டுபிடித்தவர், பிறகு போர்க்காலத்தில் ரகசியத்தைக் கசியவிட்டார் என்ற சந்தேகத்தில் பெர்க்லியிலிருந்து துரத்தப்பட்டவர் (அது தனிக் கதை, பல வருடம் அலைக்கழித்தார்கள்). அவருடைய மாணவர் ஹோவர்ட் கெஸ்ட், ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்ற ஊதா பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தார். தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜன் சத்துக்கு, வழக்கமான அம்மோனியா உப்பைத் தராமல் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்து வெளிச்சத்தில் வைத்தபோது வாயு கிளம்பியது. சோதித்தால் ஹைட்ரஜன். அம்மோனியாவைச் சேர்த்தால் நின்றது. பாத்திரத்தில் நைட்ரஜன் வாயுவை நிரப்பினாலும் நின்றது, அதுதான் விசித்திரம், ஏனென்றால் நைட்ரஜன் எதோடும் சேராத மந்தமான வாயு, அது இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன? இந்தச் சின்ன உறுத்தலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், ஊதா பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும் என்பதையே கண்டுபிடித்தார்கள். இரண்டும் 1949இல் சயன்ஸ் இதழில் வந்தன.

சரி, இரண்டுக்கும் என்ன தொடர்பு? நைட்ரோஜினேஸ் என்ற நொதி. பயறு வகைச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் என்ற பாக்டீரியா எதைக் கொண்டு காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கிறதோ அதே நொதிதான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க எட்டு எலக்ட்ரான், பதினாறு ஏடிபி செலவாகும் (ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்). அதில் ஆறு எலக்ட்ரான்தான் அம்மோனியாவுக்குப் போகும், மீதி இரண்டு ஹைட்ரஜனாக வெளியேறிவிடும். நைட்ரஜனே கிடைக்காத இடத்தில், உதாரணமாக ஆர்கான் வாயுவை நிரப்பிய பாத்திரத்தில், நொதி சும்மா இருக்காது. எல்லா எலக்ட்ரானையும் ஹைட்ரஜனாகவே மாற்றித் தள்ளும், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு நான்கு ஏடிபி வீதம்.

இப்போது பாக்டீரியாவின் பக்கம் நின்று யோசியுங்கள். அசிட்டேட், மாலேட் மாதிரியான கரிம அமிலங்களைத் தின்கிறது. வெளிச்சம் அதற்கு ஏடிபியை அள்ளித் தருகிறது. தழைச்சத்து இல்லை, அதனால் புரதம் செய்ய முடியாது, செல் பெருக முடியாது. தின்றதிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் போக இடமில்லாமல் உள்ளே தேங்குகின்றன. எங்காவது கொட்டியாக வேண்டும். ஹைட்ரஜனாகக் கொட்டுகிறது.

இது உவமைக்காக நான் சொல்வது இல்லை, 1996இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோஷியும் டபீட்டாவும் இதைச் சோதித்தே காட்டினார்கள். எலக்ட்ரானைச் செலவழிக்க இந்த பாக்டீரியாவுக்கு இன்னொரு வழி, கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்குவது. அந்த வழியை மரபணு மூலம் அடைத்துவிட்டார்கள். அடைத்த பிறகும் வளர்கிற மாதிரி ஒரு ரகம் தேறியது, அதைப் பார்த்தால் பக்கத்திலேயே வேண்டிய அளவு அம்மோனியா இருந்தும் நைட்ரோஜினேஸை இயக்கி ஹைட்ரஜன் விட்டுக்கொண்டிருந்தது. தழைச்சத்துக்காக இல்லை, வெறுமனே எலக்ட்ரானைக் கொட்டுவதற்காக. ஒரு கலிங்கை அடைத்தால் இன்னொரு கலிங்கில் வழிகிறது.

இதிலிருந்தே தொழில்நுட்பத்தின் சிக்கலெல்லாம் கிளம்புகிறது. பாக்டீரியா நன்றாக வளர்ந்தால் ஹைட்ரஜன் வராது. ஹைட்ரஜன் வர வேண்டுமென்றால் பட்டினி போட வேண்டும். உபரி எலக்ட்ரானைக் கொட்ட அதற்கு வேறு இடமும் உண்டு, உடம்பில் கொழுப்பு சேர்ப்பது போல ஒருவகை இயற்கை பிளாஸ்டிக்கைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம், பல இனங்களில் ஹைட்ரஜினேஸ் என்று தனியாக ஒரு நொதி காவலுக்கு நிற்கிறது, வெளியே போகிற ஹைட்ரஜனைப் பொறுக்கி மறுபடி தின்பதற்கென்றே. அந்த மரபணுவைத் தூக்கிவிட்டால் வெளியே வரும் அளவு கூடும், பல ஆய்வகங்கள் செய்த முதல் வேலையே அதுதான். அடுத்த வேலை அம்மோனியா வந்தால் நொதியை நிறுத்தும் சுவிட்சைக் கெடுப்பது. ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்ற சேற்று பாக்டீரியாவில் (பலுஸ்ட்ரிஸ் என்றாலே லத்தீனில் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது என்று பொருள்) கேரலைன் ஹார்வுட் குழு 2007இல் அதைச் செய்தது, அம்மோனியா இருந்தாலும் ஹைட்ரஜன் விடும் ரகங்கள் கிடைத்தன. நிஜக் கழிவுநீரில் அம்மோனியா இல்லாமல் இருக்காது, அதனால் இது முக்கியமான வேலை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடலாம். "தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்" என்று செய்தியில் வந்தால் அது ஊதா பாக்டீரியா இல்லை. அது நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, அல்லது பச்சைப் பாசி. இவை தண்ணீரை உடைத்து எலக்ட்ரான் எடுக்கும், கழிவாக ஆக்சிஜன் விடும். கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது, தீனியே வேண்டாம், தண்ணீரும் வெயிலும் போதும். ஆனால் நைட்ரோஜினேஸுக்கும் ஹைட்ரஜினேஸுக்கும் ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். ஒரே செல்லில் ஆக்சிஜனையும் உண்டாக்கி, ஆக்சிஜன் ஆகாத நொதியையும் ஓட்டுவது என்பது அடுப்படியில் பட்டாசு காய வைப்பது மாதிரி.

இயற்கை இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறது. ஒன்று, இடத்தைப் பிரிப்பது. அனபீனா என்ற சயனோபாக்டீரியா மணிமாலை மாதிரி இருக்கும், பத்து இருபது செல்லுக்கு ஒரு செல் தடித்த சுவரோடு தனியாக நிற்கும், அதற்குள் தண்ணீர் உடைக்கும் வேலை நடக்காது, நைட்ரஜன் பிடிக்கும் வேலை மட்டும்தான். நம் ஊர் நெல்வயலில் தழைச்சத்துக்காக விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் இதன் உறவுதான். 1974இல் பெனமனும் வியரும் அனபீனாவை ஆர்கானில் வைத்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே நேரத்தில் வருவதைக் காட்டினார்கள். அப்போது எண்ணெய் நெருக்கடி உச்சத்தில் இருந்தது, எதைப் பார்த்தாலும் எரிபொருளாகத் தெரிந்த காலம். இரண்டாவது வழி, நேரத்தைப் பிரிப்பது. சயனோதீஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து மாவுச்சத்து மாதிரி ஒன்றைச் சேமித்துவிட்டு, இரவில் அதை எரித்து உள்ளே ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டு, நைட்ரோஜினேஸை எடுத்து ஓட்டும். ஷிப்ட் முறை. இதன் டெக்சாஸ் கடலோர ரகம் ஒன்று காற்றோட்டமான சூழலிலேயே கணிசமாக ஹைட்ரஜன் விடுகிறது, கிளிசராலைச் சேர்த்தால் இன்னும் கூடுகிறது என்று 2010இல் ஹிமாத்ரி பக்ராசி குழு வெளியிட்டது. அவர்கள் இருப்பதும் அதே செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம்தான், கெஸ்டும் கேமனும் குமிழைப் பார்த்த ஊர். மனிதர்களும் ஒரு வழி கண்டார்கள்: 2000ஆம் ஆண்டில் மெலிஸ் குழு கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசிக்குக் கந்தகச் சத்தை நிறுத்தியது, தண்ணீர் உடைக்கும் பொறி படுத்துவிட, மூடிய பாத்திரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, சில நாள் ஹைட்ரஜன் வந்தது. அங்கேயும் பட்டினிதான்.

எதுவானாலும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வந்தால் பிரித்தெடுக்க வேண்டும், பிரிக்கும் வரை அது வெடிகுண்டு. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் எல்லை தொடங்கிவிடுகிறது. ஊதா பாக்டீரியாவில் இந்தத் தொல்லை கிடையாது, அது விடுவது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும்தான்.

இப்போது நிலக் கணக்குக்கு வருவோம், பெரும்பாலான செய்திகள் தொடாத இடம். நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் சராசரியாக நாளுக்கு 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல் 33 யூனிட் சொச்சம், ஹைட்ரஜன் கார் அதில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போகும். திறந்த வெளியில், நிஜ வெயிலில், பாக்டீரியா வெயிலில் 1 சதவீதத்தை ஹைட்ரஜனாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகத்தான் வைக்கிறேன். நாளுக்கு ஒரு கிலோ வேண்டுமென்றால் 666 சதுர மீட்டர், அதாவது மூன்று கிரவுண்டு நிலம் முழுக்க பாக்டீரியா. அதே ஒரு கிலோவை 20 சதவீதத் திறனுள்ள சோலார் தகடு வைத்து, வரும் மின்சாரத்தில் தண்ணீரை மின்பகுப்பு செய்து எடுத்தால், கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் செலவு, கால் கிரவுண்டு போதும்.

மூன்று கிரவுண்டு என்பதும் சும்மா நிலம் இல்லை. ஸ்பைருலினா வளர்ப்பது போலத் திறந்த தொட்டி கட்டி விட்டுவிட முடியாது, வாயு பறந்துவிடும். மேலே வெளிச்சம் புகுகிற, ஹைட்ரஜன் புகாத கூரை வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறு சின்னது, பல பிளாஸ்டிக்குகள் வழியாகக் கசியும். கண்ணாடிக் குழாய் போட்டால் விலை எகிறும், பகலில் உள்ளே சூடேறும், அதைக் குளிர்விக்கத் தனிச் செலவு.

1 சதவீதத்தைக் கூட்ட முடியாதா என்றால், இடைஞ்சல் பாக்டீரியாவின் பேராசை. சேற்றடியில் மங்கல் வெளிச்சத்தில் வாழப் பழகியதால் ஒவ்வொரு செல்லும் தேவைக்கு மேல் ஒளிபிடிக்கும் நிறமிகளை அடுக்கி வைத்திருக்கிறது. நடுப்பகல் வெயிலில் மேலடுக்கில் இருக்கும் செல்கள் பிடித்ததில் பெரும்பகுதியைச் செரிக்க முடியாமல் வெப்பமாக விடுகின்றன, அதன் நிழலில் சில சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவை இருட்டில் கிடக்கின்றன. நிறமியைக் குறைத்த ரகங்களை உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள், பலன் உண்டு. ஆனால் இயற்கையில் அப்படிப்பட்ட ரகம் பக்கத்தவரிடம் தோற்றுப்போகும், திறந்த தொட்டியிலும் அதே கதிதான்.

ஆகவே வெயில் எரிபொருள் என்ற முறையில் இது சோலார் தகட்டோடு போட்டி போட்டால் தோற்கும் என்பது என் அபிப்பிராயம். இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கோடு, பெரிதும் மின்பகுப்பை நம்பி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கழிவு என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, கொள்கையளவில், பன்னிரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு எடுக்கலாம். இருட்டில் நொதிக்க வைக்கும் சாதாரண பாக்டீரியா அதிகபட்சம் நான்கு தரும், அத்தோடு மீதியை அசிட்டிக் அமிலமாக, சுருக்கமாகச் சொன்னால் வினிகராக, விட்டுவிட்டுப் போய்விடும். அந்த வினிகரை ஹைட்ரஜனாக்குவது மேட்டில் ஏற்ற வேண்டிய வண்டி, யாராவது தள்ளாமல் ஏறாது. தள்ளுவது வெயில், தள்ளத் தெரிந்தது ஊதா பாக்டீரியா. மீதி எட்டும் அங்கே இருக்கிறது. நான்கும் எட்டும் பன்னிரண்டு. காகிதத்தில் இதைவிட அழகான ஜோடி கிடையாது.

இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், சாராயம் காய்ச்சும் வடிப்பாலையின் கழிவுநீரை, ஆலைக்காரர்கள் சொல்லும் ஸ்பென்ட் வாஷை, வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது. 100 கன மீட்டர் கலன், அதாவது ஒரு லட்சம் லிட்டர், எட்டு தண்ணீர் லாரி கொள்ளளவு. நொதிக்கும் பாக்டீரியா இரண்டு வகை, கூடவே பலுஸ்ட்ரிஸ். நாற்பது மணி நேரத்தில் 21.38 கிலோ ஹைட்ரஜன். மற்ற ஆய்வகங்கள் மில்லிலிட்டரில் அளந்துகொண்டிருந்த துறையில் இது கிலோவில் வந்த எண், நான் முதலில் படித்தபோது தசமப் புள்ளியை இரண்டு முறை சரிபார்த்தேன். டொயோட்டா மிராய் காரின் டேங்க் 5.6 கிலோ, கிட்டத்தட்ட நான்கு கார் நிரப்பலாம்.

மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். அதற்குச் செலவான சர்க்கரை ஏறக்குறைய 700 கிலோ, குளுக்கோஸ் ஒன்றுக்குக் கிடைத்த ஹைட்ரஜன் 2.76. பன்னிரண்டில் இரண்டே முக்கால். அதே கழிவைச் சாதாரண சாண எரிவாயுக் கலனில் விட்டால், கொள்கையளவில் சர்க்கரையின் ஆற்றலில் பெரும்பகுதி மீத்தேனாக வரும். இருட்டு நொதித்தலில் முழு நான்கு ஹைட்ரஜன் வந்தாலும் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சாண எரிவாயுவுக்குத் தூய பாக்டீரியா வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். சேலத்துச் சேகோ ஆலைகள் மரவள்ளிக் கழிவுநீரில் எரிவாயு எடுத்து எரிப்பதும் இந்த எளிமையால்தான். இன்னொன்று, மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் சேற்றில் எங்கும் உள்ளவை, அவற்றின் பிரியமான சாப்பாடே ஹைட்ரஜன். கலனைக் கொஞ்சம் அசட்டையாக விட்டால் உள்ளே புகுந்து நம் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்கிவிடும். என் மொட்டைமாடி பாட்டிலில் குமிழ் வந்ததே தவிர, அதில் ஹைட்ரஜன் இருந்திருக்க வாய்ப்பு குறைவு, மேலே வருவதற்குள் ஏதாவது ஒரு கூட்டம் தின்று தீர்த்திருக்கும்.

இருந்தும் என்னைக் கவர்ந்த ஒரு சோதனை உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃப்ளிக்கிங்கர் குழு 2007இல் பலுஸ்ட்ரிஸ் பாக்டீரியாவை லேட்டக்ஸில், பெயின்ட்டில் இருக்கிற அதே மாதிரி பிசினில், கலந்து மெல்லிய பூச்சாகப் பூசியது. செல்கள் செத்துப்போகவில்லை, பெருகவும் இடமில்லை. தழைச்சத்து கிடையாது. வளரவே முடியாத செல், அதனால் தின்பதெல்லாம் கலிங்குக்குத்தான். பூச்சு மெல்லியது என்பதால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழவில்லை. 4,000 மணி நேரத்துக்கு மேல், ஐந்தரை மாதம், ஹைட்ரஜன் வந்துகொண்டே இருந்தது. பாக்டீரியாவை வளர்ப்பது, பட்டினி போடுவது, நிழல் என்று மேலே புலம்பிய மூன்று சிக்கலை ஒரு கோட் பெயின்ட்டில் முடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சுக்கு அவர்கள் தீனியாகக் கொடுத்தது ஆய்வகத்தில் கலந்த தெளிவான அசிட்டேட் கரைசல். வடிப்பாலையிலிருந்து வருகிற ஸ்பென்ட் வாஷ் கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், அதை வெயிலில் எத்தனை நேரம் வைத்தாலும் அடியில் இருக்கிற செல்லுக்கு அது ராத்திரிதான்.